தன் பிழையைத் தானே திருத்தும் ஒலிபெருக்கி



தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒரு முறை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். இரவு எட்டு மணி. கூட்டம் அலைமோதுகிறது. தென்னை மரத்தில் உயரக் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது. ஏதோ ஒரு குழந்தை காணாமற் போய்விட்டது என்பது மட்டும் அரைகுறையாகப் புரிகிறது. குழந்தையின் பெயர் என்ன, என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறது, கண்டவர்கள் எங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், இவை ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்துக்குக் குறைவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கிறது. ஆனால், பெற்ற தாய்க்கு வேண்டியது சத்தமா? சொல் அல்லவா?

சத்தம் பெரிதாவது வேறு. சொல் சிதையாமல் பெரிதாவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். ஆம்ப்ளிபையர் என்று நாம் சொல்லும் பெட்டி, தான் செய்யும் பிழையைத் தானே கண்டு தானே திருத்திக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பால்மரக் காட்டில் நம் மக்கள் நாள்தோறும் கண்ட ஒரு செயல்தான் அது.

பால் வெட்டும் கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம். பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். மண்டோர் வருகிறார். வெட்டைப் பார்க்கிறார். "ஆழம் அதிகம், கையைத் தூக்கு" என்கிறார். அடுத்த மரத்தில் கை தூக்கப்படுகிறது. கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டால், "இன்னும் இறக்கு" என்கிறார். செய்து முடித்த வேலையைப் பார்த்து, செய்யவேண்டிய அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எதிர்த் திசையில் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். விளைவிலிருந்து ஒரு செய்தி பின்னோக்கி வருவதால் அது பின்னூட்டம். பிழை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பதால் எதிர்ப் பின்னூட்டம்.

இதே செய்தி எதிர்த் திசையில் வராமல் அதே திசையில் வந்தால் என்ன ஆகும்? அதையும் நாம் அறிவோம். மைக்கைப் பிடித்தவர் பேசிக்கொண்டே ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்கிறார். உடனே 'ஊ' என்று காதைத் துளைக்கும் ஊளை கிளம்புகிறது. மைக்கில் நுழைந்த சிறு ஒலி ஸ்பீக்கரில் பெரிதாக வருகிறது; அந்தப் பெரிய ஒலி மறுபடியும் மைக்கில் நுழைகிறது; இன்னும் பெரிதாகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை சுற்றிவிடுகிறது. இது நேர்ப் பின்னூட்டம். ஒருவர் கத்த மற்றவர் அதைவிடக் கத்தும் வாய்ச்சண்டை போன்றது. எதிர்ப் பின்னூட்டமோ இரண்டு பேருக்கும் நடுவே நின்று சமாதானம் பேசும் பெரியவர் போன்றது.

சரி, முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பழைய ஆம்ப்ளிபையரின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு வால்வு நினைவிருக்கும். மின்விளக்குப் போன்ற கண்ணாடிக் குமிழ். உள்ளே காற்று இல்லை. சுவிட்சைப் போட்டால் சிறிது நேரம் கழித்துச் செந்நிறமாக மினுங்கும். சூடேறிய உள்பாகத்தின் பெயர் கேத்தோடு. சூட்டினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் என்னும் மின் துகள்கள் கிளம்புகின்றன. அவற்றைத் தன் பக்கம் இழுக்கும் உலோகத் தகட்டின் பெயர் பிளேட். இவை இரண்டுக்கும் நடுவே கம்பி வலை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கிரிட். இந்த மூன்றாவது உறுப்பை 1906-ஆம் ஆண்டு வால்வுக்குள் சேர்த்தவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட்.

கிரிட்டைத் தண்ணீர்க் குழாயின் திருகு என்று நினைத்துக் கொள்ளுங்கள். திருகைச் சிறிது அசைக்க விரலின் வலு போதும். அந்தச் சிறு அசைவுக்கு ஏற்பப் பெரிய தண்ணீர் ஓட்டம் கூடுகிறது, குறைகிறது. அதுபோலவே மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின் அசைவை கிரிட்டில் கொடுத்தால், பிளேட்டில் அதே வடிவில் பெரிய அசைவு கிடைக்கிறது. இப்படி இரண்டு மூன்று படிகளில் பெருக்கி, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறார்கள்.

'அதே வடிவில்' என்று சொன்னோம். அங்கேதான் தொல்லை. வால்வு நேர்மையான கணக்குப்பிள்ளை அல்ல. சிறிய அசைவை ஒரு கணக்கில் பெருக்கும். பெரிய அசைவை வேறொரு கணக்கில் பெருக்கும். புதிதாக வாங்கியபோது ஒரு வலு. ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிந்தபின் வேறொரு வலு. மின்சாரம் இறங்கினால் ஒன்று, ஏறினால் ஒன்று. டிரான்ஸ்பார்மரின் இரும்பும் தன் பங்குக்கு வடிவத்தைக் கோணலாக்கும். இதன் விளைவாக, பேசியவர் வாயிலிருந்து வராத புதிய ஒலிகள் பெட்டிக்குள் பிறக்கின்றன. நாதசுரமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒலி ஒன்று இடையில் கரகரக்கிறதே, அது இப்படிப் பிறந்ததுதான். பேச்சிலும் இந்தக் கரகரப்பு ஏறினால் பழமா பணமா என்று தெரியாமல் போகிறது. இதைக் குலைவு என்று சொல்வோம்.

இந்தக் குலைவு நம் கோயில் மைக்செட்டுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. முதலில் இதனால் தவித்தவர்கள் தொலைபேசிக்காரர்கள். கம்பியில் நெடுந்தூரம் போகும் குரல் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே வழியில் அங்கங்கே ஆம்ப்ளிபையர் வைத்துப் பெருக்கினார்கள். ஒரு ஆம்ப்ளிபையர் செய்த குலைவை அடுத்தது குரலோடு சேர்த்துப் பெருக்கியது. தன் குலைவையும் கூட்டியது. ஒரே கம்பியில் பல பேச்சுகளை அனுப்ப முயன்றபோது ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சோடு கலந்துபோனது. இந்தச் சிக்கலை அவிழ்க்க அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் முயன்றவர் ஹரால்டு பிளாக் என்னும் இளம் பொறியாளர்.

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை. பிளாக் வேலைக்குப் போக ஃபெர்ரியில் ஹட்சன் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு நாம் கடலைக் கடப்பது போன்ற பயணந்தான். அப்போது 29 வயதான அவருக்குத் திடீரென்று வழி புலப்பட்டது. கையில் இருந்தது நியூயார்க் டைம்ஸ் நாளிதழ். அதன் ஒரு பக்கத்திலேயே படத்தையும் கணக்கையும் எழுதினார். வெளியே வரும் ஒலியில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, மறுபடியும் நுழைவாயிலில் கொடுப்பது என்பதே அந்த எண்ணம். அதே ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் நடந்த சோதனையில், குலைவை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டினார்.

உலகம் உடனே நம்பியதா? இல்லை. 1928-இல் அவர் கேட்ட காப்புரிமை 1937-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். ஏன் நம்பவில்லை தெரியுமா? பாடுபட்டுப் பெருக்கிய ஒலியை, வேண்டுமென்றே குறைக்கச் சொன்னார் அவர். சேர்த்த பணத்தைத் தெருவில் கொட்டச் சொல்வதுபோல் பலருக்குப் பட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். வாருங்கள், நம் வெள்ளி காசிலேயே போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆம்ப்ளிபையர் 1 காசை வாங்கிக்கொண்டு 10 வெள்ளியாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1,000 மடங்குப் பெருக்கம். நாள்பட நாள்பட வால்வு தளர்ந்து, வலு பாதியாகிறது. இப்போது அதே 1 காசுக்கு 5 வெள்ளிதான் கிடைக்கும். வருமானம் பாதி போயிற்று. இது பின்னூட்டம் இல்லாத பெட்டி.

இப்போது பின்னூட்டம் வைப்போம். வெளியே வரும் தொகையில் 25-இல் ஒரு பங்கை நுழைவாயிலுக்குத் திருப்பி, அங்கே கொடுத்த தொகையிலிருந்து கழிக்கச் சொல்கிறோம். வெளியே 10 வெள்ளி வந்தால் திரும்புவது 40 காசு. பெட்டிக்கு உள்ளே தேவைப்படுவது 1 காசு. ஆகவே நாம் 41 காசு கொடுக்க வேண்டும். 41-இல் 40 கழிந்து மீதி 1 காசு உள்ளே போகிறது. 1,000 மடங்காகி 10 வெள்ளியாக வெளியே வருகிறது. முன்பு 1 காசில் முடிந்த வேலைக்கு இப்போது 41 காசு. நட்டமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் வால்வு தளர்ந்து வலு பாதியானால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளியே வருவது குறையத் தொடங்குகிறது. அது குறைந்தால் திரும்பி வரும் பங்கும் குறைகிறது. கழிக்கும் தொகை குறைந்தால் உள்ளே போகும் மீதி கூடுகிறது. மீதி கூடியதால் வெளியே வருவது மறுபடியும் ஏறுகிறது. இப்படி ஒன்றையொன்று இழுத்து ஓரிடத்தில் நிலைகொள்கின்றன. அந்த இடம் எது? வெளியே 9 வெள்ளி 76 காசு. அதில் 25-இல் ஒரு பங்கு ஏறக்குறைய 39 காசு. 41-இல் 39 போனால் மீதி சுமார் 2 காசு. தளர்ந்த வால்வு அதை 500 மடங்காக்குகிறது. ஏறக்குறைய 10 வெள்ளி. வால்வின் வலு பாதி போனது. வெளியே வந்த ஒலியிலோ 24 காசுதான் குறைந்தது. நூற்றுக்கு இரண்டரைப் பங்குகூட இல்லை. காதுக்கு அது தெரியவே தெரியாது.

வால்வு தளர்வது ஒரு பிழை. குலைவும் ஒரு பிழை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வால்வு தன்னிச்சையாகச் சேர்த்த கரகரப்பு, திருப்பி அனுப்பும் பங்கிலும் இருக்கிறது. ஆனால் கொடுத்த குரலில் அது இல்லை. கழித்துப் பார்க்கும்போது அந்தக் கரகரப்பு தலைகீழாக மீந்து நிற்கிறது. தலைகீழான கரகரப்பு உள்ளே போய், அடுத்துப் பிறக்கும் கரகரப்பை அமுக்குகிறது. நாம் போட்ட கணக்கில் குலைவு 41-இல் ஒரு பங்காகக் குறையும். நூற்றுக்கு 5 பங்கு இருந்த குலைவு ஆயிரத்துக்கு ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கொடுத்தது பெருக்கத்தை, பெற்றது உண்மையை. பெருக்கம் போதவில்லை என்றால் முன்னால் இன்னொரு வால்வைச் சேர்த்துக் கொள்ளலாம். சிதைந்த சொல்லை நேராக்க அப்படி ஒரு வால்வு கடையில் கிடைக்காது.

பெட்டிக்குள் இதற்கு என்ன சாமான் வேண்டும்? மிகச் சிறியதுதான். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியிலிருந்து, அதாவது அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் வெளிப்பக்கத்திலிருந்து, ஒரு கம்பி புறப்பட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியாக முதல் வால்வின் கேத்தோடுக்குப் போகிறது. வால்வு பார்ப்பது கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. குரல் கிரிட்டில் வருகிறது. திரும்பிய பங்கு கேத்தோடில் வருகிறது. கழித்தல் கணக்கை வால்வே போட்டுக்கொள்கிறது. எத்தனையில் ஒரு பங்கு திரும்ப வேண்டும் என்பதை ரெசிஸ்டர்கள் முடிவு செய்கின்றன. வால்வைப்போல் அவை விரைவில் தளர்வதில்லை. அதனால்தான் பெட்டி முழுவதும் நிலையாக நிற்கிறது. பழுது பார்த்தவர் டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனைகளை மாற்றிப் போட்டுவிட்டாலோ, கழிக்க வேண்டிய பங்கு கூட்டப்படும். சுவிட்சைப் போட்டதும் பெட்டி ஊளையிடும். முனைகளை மாற்றிப் போட்டால் அடங்கும்.

'இவ்வளவு நல்ல மருந்தென்றால் நிறையக் கொடுத்துவிடலாமே' என்று கேட்பீர்கள். கூடாது. அதற்கும் தோட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சொந்த எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்த தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். மாலையில் லயம் முழுவதும் விளக்கேறியதும் எஞ்சினுக்குப் பாரம் கூடி வேகம் குறையும். அதில் கவர்னர் என்று ஒரு கருவி உண்டு. வேகம் குறைந்தால் எண்ணெயைக் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் நீராவி எஞ்சினில் பொருத்திய கருவியின் வழிவந்தது அது. கவர்னர் சரியாக இருந்தால் விளக்கு ஒரே சீராக எரியும். துருப்பிடித்துத் தாமதமாக அசைந்தால் என்ன ஆகும்? வேகம் குறைந்து நெடுநேரம் கழித்து எண்ணெயைக் கூட்டும். அதற்குள் வேகம் தானே ஏறத் தொடங்கியிருக்கும்; கூட்டிய எண்ணெய் அதை மிஞ்ச வைக்கும். பிறகு தாமதமாகக் குறைக்கும். விளக்கு மங்கும், பளிச்சிடும், மறுபடி மங்கும். திருத்த வந்த கருவியே ஆட்டி வைக்கும்.

ஆம்ப்ளிபையரிலும் அப்படியே. டிரான்ஸ்பார்மர் வழியாகப் போய்வரும் மின் அசைவுக்குச் சிறு தாமதம் உண்டு. சாதாரண ஒலிகளுக்கு அந்தத் தாமதம் பொருட்டல்ல. மிக உச்சமான ஒலிகளில் அசைவு மிக விரைவானது. தாமதமாக வந்த பங்கு எதிர்த் திசைக்குப் பதில் அதே திசையில் வந்து சேரும். கழித்தல் கூட்டலாகிவிடும். பெட்டி தானே ஊளையிடும். சில வேளை அந்த ஊளை காதுக்கு எட்டாத உச்சத்தில் நடந்து, வால்வைச் சூடாக்கி வீணாக்கும். எவ்வளவு திருப்பலாம், எங்கே ஆபத்து என்பதைக் கணக்கிட 1932-இல் வழி வகுத்தவர் பிளாக்கின் சகப் பணியாளரான ஹாரி நைக்விஸ்ட். ஆக, திருத்தம் மூன்று வகையிலும் சரியாக இருக்க வேண்டும்: திசை சரியாக இருக்க வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும், நேரமும் சரியாக இருக்க வேண்டும். மண்டோர் ஒரு மாதம் கழித்து வந்து "அன்றைக்கு ஆழமாக வெட்டிவிட்டாய்" என்றால் மரத்துக்கு என்ன பயன்?

இந்த மூன்றையும் வால்வுப் பெட்டியில் அழகாகப் பொருத்திக் காட்டியவர் டி. டி. என். வில்லியம்சன். 1947-ஆம் ஆண்டு வயர்லெஸ் வேர்ல்டு என்னும் ஆங்கில இதழில் அவர் வெளியிட்ட 15 வாட் ஆம்ப்ளிபையர் உலகெங்கும் புகழ் பெற்றது. கேடி 66 என்னும் வால்வுகள் இரண்டு அதில் வேலை செய்தன. திருத்தத்தின் அளவை அவர் 10 மடங்கோடு நிறுத்திக்கொண்டார். அதற்கே டிரான்ஸ்பார்மரை மிகக் கவனமாகச் சுற்ற வேண்டியிருந்தது. நாம் மேலே போட்ட 41 என்பது கணக்கு விளங்குவதற்காகச் சொன்னது. வில்லியம்சன் பெட்டியில் முழு ஒலியிலும் குலைவு ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கியது.

பினாங்குக்கும் இந்த வால்வுக் கதையில் இடம் உண்டு. பிளாக் தம் கண்டுபிடிப்பைக் கட்டுரையாக வெளியிட்டது 1934-இல். அதே 1934-இல்தான் பினாங்கு வயர்லெஸ் சங்கம் இசட்.எச்.ஜே. என்ற அழைப்புப் பெயரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. 1946-இல் ரேடியோ மலாயா பிறந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வேலை முடிந்து வந்தவர்கள் ஒரே பெட்டியைச் சுற்றி அமர்ந்து செய்தியும் பாட்டும் கேட்டார்கள். அன்று அந்தக் குரலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவை வால்வுகளே. படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி எட்டியது என்றால், அது சொல் சிதையாமல் வந்து சேர்ந்ததால்தான்.

இனி, வீட்டுக்கும் கோயிலுக்கும் பயன்படும் செய்திக்கு வருவோம். எதிர்ப் பின்னூட்டம் எதைத் திருத்தும், எதைத் திருத்தாது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு மிஞ்சும்.

பின்னூட்டக் கம்பி எங்கே புறப்படுகிறதோ, எங்கே போய்ச் சேருகிறதோ, அந்த வட்டத்துக்குள் நடக்கும் பிழையைத்தான் அது திருத்தும். ஸ்பீக்கர் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஸ்பீக்கரின் தாள் கிழிந்திருந்தால் எந்தப் பின்னூட்டமும் அதைத் தைக்காது. மைக் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மைக் கெட்டிருந்தால், கெட்ட குரலையே பெட்டி உண்மையாகப் பெருக்கிக் கொடுக்கும். குரல் கரகரத்தவுடன் கமிட்டியார் வசூல் செய்து வால்வு முழுவதையும் மாற்றிவிட்டு, பிறகு பார்த்தால் பழுது ஸ்பீக்கரில் இருந்தது என்ற கதையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! முதலில் வேறொரு நல்ல ஸ்பீக்கரை மாட்டிப் பாருங்கள். அடுத்து வேறொரு மைக்கை மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் மாற்றமில்லை என்றால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று. பெட்டியின் சக்திக்கு மேல் ஒலியைத் திருகினால் பின்னூட்டமும் கைவிட்டுவிடும். 15 வாட் தரக்கூடிய பெட்டியிடம் 30 வாட் கேட்டால், வால்வு தன் எல்லையில் முட்டி நிற்கிறது. திருத்தச் சொல்லிச் செய்தி வருகிறது; ஆனால் திருத்த வலு இல்லை. அப்போது ஒலியின் உச்சி வெட்டுப்பட்டு, கேட்கச் சகிக்காத கரகரப்பு வரும். திருவிழாக்களில் சொல் விளங்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கூட்டம் பெரிதென்றால் குமிழைத் திருகுவதைவிட, அங்கங்கே இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வைத்து ஒவ்வொன்றையும் அளவாக ஒலிக்கச் செய்வது மேல். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தல்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துப் பந்தலைவிட நம் பந்தல் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று இருவரும் திருகிக்கொண்டே போனால், கடைசியில் இரண்டிலும் பாட்டுக் கேட்பதில்லை.

மைக்கின் ஊளையும் பெட்டிக்கு வெளியே நடப்பதே. அதற்கு மருந்து வேறு. மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்னால் வையுங்கள். வாய்க்கு அருகில் பிடித்துப் பேசுங்கள். அப்போது ஒலியைக் குறைத்து வைத்தாலும் குரல் போதும், ஊளை கிளம்பாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வால்வுப் பெட்டிக்குள் 300, 400 வோல்ட் வரை மின்சாரம் ஓடுகிறது. வீட்டு மின்சாரத்தைவிட அது அதிகம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே பிள்ளைகள் ஆர்வத்தால் பின்மூடியைக் கழற்ற விடாதீர்கள். வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்கட்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிபையரை ஓட்டவும் கூடாது. பாரம் இல்லாத டிரான்ஸ்பார்மரில் மின் அழுத்தம் எகிறி, உள்சுற்று எரிந்துபோகும்.

'வால்வுக் காலம்தான் போய்விட்டதே, இதைத் தெரிந்து என்ன பயன்?' என்று இளைஞர்கள் கேட்கலாம். வில்லியம்சன் பெட்டி வெளியான அதே 1947-ஆம் ஆண்டின் கடைசியில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு மெல்ல மெல்ல விலகியது. இன்று இசைப்பிரியர்கள் சிலரும் கித்தார் வாசிப்பவர்களும்தான் அதை விரும்பித் தேடுகிறார்கள். ஆனால் பிளாக் ஃபெர்ரியில் எழுதிய எண்ணம் விலகவில்லை. இன்னும் வலுவாக நிற்கிறது. நகம் அளவுள்ள ஒரு சில்லுக்குள் லட்சம் மடங்கு பெருக்கத்தை அடைத்து, அதில் பெரும்பகுதியைப் பின்னூட்டத்துக்கே செலவு செய்யும் வகை ஒன்று உண்டு. அதை ஆப்பரேஷனல் ஆம்ப்ளிபையர் என்பார்கள். கடைத்தெருவில் பாட்டுப் பாடும் ஸ்பீக்கர் முதல் மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி வரையில், குரலையும் துடிப்பையும் சிதையாமல் காப்பது இதே கழித்தல் கணக்குத்தான்.

1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கி, இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹெவ்லட் பேக்கார்ட் போன்ற மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போனார்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும் வரையில் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வர ஃபெர்ரிதான் வழி. விடியுமுன் எழுந்து, அந்த ஃபெர்ரியில் கடல் கடந்து, நாள் முழுவதும் நுண்பெருக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் இணைத்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தச் சில்லு எதற்கு, அதற்குள் என்ன நடக்கிறது என்று பலருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கை செய்த வேலையின் பொருளை மனமும் அறிய வேண்டாமா? அடுத்த தலைமுறை அதே வாயிலுக்குள் நுழையும்போது, கம்பியை இணைப்பவராக மட்டும் அல்லாமல், எந்தக் கம்பியை எங்கே இணைக்க வேண்டும் என்று முடிவு செய்பவராகவும் நுழையலாம். அதற்கு வேண்டிய முதற்பாடம் கூட்டலும் கழித்தலும் வகுத்தலுமே. மேலே நாம் போட்ட கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடுவான்.

இன்று இரவு உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, இந்த 41 காசுக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வலு பாதியானால் என்ன ஆகிறது, கால்வாசியானால் என்ன ஆகிறது என்று அவனோ அவளோ கண்டுபிடிக்கட்டும். விடை தவறினால் எங்கே தவறியது என்று உடனே, அளவோடு, அன்போடு சொல்லுங்கள். பிள்ளை மறுபடியும் போட்டுப் பார்க்கட்டும். அதுவும் ஒரு பின்னூட்டந்தான்.